வலிக்கிற இடம் ஒன்று, காரணம் இருக்கிற இடம் வேறு: உங்கள் அனுபவம் என்ன?

ஆலங்குளம், பிசியோதெரபி மாணவி

எங்கள் தெருவில் பல வீடுகளில் பீடி சுற்றுவார்கள். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலை, தூள், நூல். அம்மாவும் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டார். நடுராத்திரியில் கையை உதறிக்கொண்டு, "ஏட்டி, விரலெல்லாம் மரத்துப் போவுது" என்பார். விரலுக்குத் தைலம் தேய்ப்போம்.

உடற்கூறு வகுப்பில் கையைப் படித்தபோதுதான் புரிந்தது. விரல்களுக்குள் தசையே கிடையாது. அவற்றை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. முழங்கைக்குச் சற்றுக் கீழே மறு கையை வைத்துக்கொண்டு விரல்களை ஆட்டிப் பாருங்கள், உள்ளே அசைவது தெரியும். அங்கிருந்து தசைநாண்கள் கயிறு மாதிரி இறங்கி, மணிக்கட்டைத் தாண்டி விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள். அவை வளைந்து ஒரு பள்ளமாக நிற்க, மேலே தடித்த நார்ப்பட்டை மூடுகிறது. அந்தக் குறுகிய வழியில் 9 தசைநாண்களும், கட்டைவிரல் முதல் மோதிர விரலின் பாதி வரை உணர்வு தரும் மீடியன் நரம்பும் போக வேண்டும். ஓயாமல் மடக்கி நீட்டினால் தசைநாண் உறை தடிக்கும். எலும்பும் விலகாது, பட்டையும் இளகாது. நசுங்குவது நரம்பு.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு விரல் நுனியாகப் பஞ்சால் தொட்டேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் உணர்வு மந்தம். சுண்டுவிரல் நன்றாக இருந்தது. மோதிர விரலில் நடுவிரல் பக்கம் மட்டும் மரத்திருந்தது, மறுபக்கம் தெளிவு. ஒரே விரலில் இரண்டு நரம்புகளின் எல்லை! புத்தகத்தில் கோடு போட்டுக் காட்டியதை அம்மா வாயால் கேட்டபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்புறம் டாக்டர் பார்த்து, நரம்புப் பரிசோதனை எடுத்து, கார்ப்பல் டனல் என்றார், அந்தக் குறுகிய வழியில் நரம்பு நசுங்குவதற்கு அதுதான் பெயர். தூங்கும்போது மணிக்கட்டு மடங்கி அழுத்தம் கூடுவதால்தான் ராத்திரியில் தொல்லை அதிகமாம். இப்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டிக்கொண்டு படுக்கிறார், உதறுவது குறைந்திருக்கிறது.

அம்பாசமுத்திரம், விவசாயக் குடும்பம்

எங்கள் அப்பாவுக்கு நாற்றங்காலில் நிற்கும்போது இடது கையின் உள்பக்கமும் தாடையும் வலித்தது. நெஞ்சில் லேசான இறுக்கம்தான். "வாய்வு, சுக்குத் தண்ணி குடிச்சா சரியாயிரும்" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். வேர்த்துக் கொட்டியதைப் பார்த்துப் பெரியப்பா விடவில்லை, உடனே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இசிஜியில் மாரடைப்பு.

கையில் ஏன் வலித்தது என்று அங்கிருந்த ஒரு பயிற்சி டாக்டரிடம் கேட்டேன். இதயத்திலிருந்து வரும் வலி நரம்புகளும், கையின் உள்பக்கத்திலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நுழைகின்றனவாம். மூளைக்குத் தோலிலிருந்தும் தசையிலிருந்தும் செய்தி வந்துதான் பழக்கம், அதனால் வலியைக் கையின் கணக்கில் எழுதிவிடுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த வலியே தெரியாமலும் போகலாம் என்றார். அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை, வலி காட்டிக்கொடுத்தது. இப்போது நன்றாக இருக்கிறார்.

மேலப்பாளையம்

ஆலங்குளம் தங்கச்சி, எங்கள் மாமியும் பீடி சுற்றுகிறவர்தான். ஆனால் அவருக்கு மரத்துப் போவது சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும். இதுவும் மணிக்கட்டு விஷயமா?

ஆலங்குளம், பிசியோதெரபி மாணவி

இல்லை அக்கா, அது பெரும்பாலும் அல்நார் நரம்பு. முழங்கையின் உள்பக்கம் எலும்பில் இடித்தால் ஷாக் அடிக்குமே, அந்த நரம்புதான். அந்த இடத்தில் அது தோலுக்கு அடியிலேயே போகிறது. மாமி முழங்கையைத் தரையிலோ திண்ணையிலோ ஊன்றி உட்காருகிறாரா, மடக்கி வைத்தே தூங்குகிறாரா என்று பாருங்கள். கழுத்து எலும்புப் பிரச்சினையிலும் இப்படி வரலாம், அதனால் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். போகும்போது "கை மரக்குது" என்று மட்டும் சொல்லாமல், எந்த விரல், மோதிர விரலில் எந்தப் பாதி என்று சொல்லச் சொல்லுங்கள். விரலில் வலு குறைகிற மாதிரி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.