50 ஹெர்ட்ஸை அளக்க: துடிப்புகளை எண்ணுவதா, அலைவுக்காலத்தை அளப்பதா?

கேள்வி:
வணக்கம். வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் காட்டும் சிறு கருவி ஒன்றை ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் செய்துவருகிறேன். டிரான்ஸ்ஃபார்மர் மூலம் மின்னழுத்தத்தைக் குறைத்து, சைன் அலையைச் சதுர அலையாக்கி, ஒரு விநாடியில் எத்தனை துடிப்புகள் வருகின்றன என்று எண்ணுகிறேன். பெரும்பாலும் 50, எப்போதாவது 49 அல்லது 51 என்றே வருகிறது; தசம மதிப்பு கிடைப்பதேயில்லை. எங்கள் ஆசிரியரோ அலைவுக்காலத்தை (ஒரு சுழற்சிக்கு ஆகும் நேரத்தை) அளந்து, 1-ஐ அதனால் வகுக்கச் சொல்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ் என்றால் விடை ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

மறுமொழி 1:
சமன்பாடு ஒன்றுதான், அளவீட்டுப் பிழைதான் வேறு. ஒரு விநாடி எண்ணினால் முழு எண் மட்டுமே கிடைக்கும், 0.01 ஹெர்ட்ஸ் வரை நுணுக்கம் வேண்டுமென்றால் 100 விநாடிகள் எண்ண வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, ஒரு மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை துடிக்கும் கடிகாரத்தைக் கொண்டு ஒரே ஒரு சுழற்சியை அளந்தால், 20 மில்லி விநாடிக்குள் 20,000 துடிப்புகள் அடங்கும். அதில் ஒன்று தவறினாலும் பிழை 0.0025 ஹெர்ட்ஸ்தான். இதே கடிகாரத்தையும் ஒரு விநாடி எண்ணிக்கையையும் ஒப்பிட்டால், 1000 ஹெர்ட்ஸில் இரு முறைகளும் சமமாகிவிடும். அதற்கு மேல் எண்ணுவதே சிறந்தது. ஊனோவில் நேரத்தைச் சொல்லும் மைக்ரோஸ் செயற்கூறு 4 மைக்ரோ விநாடிப் படிகளாகத்தான் நகரும் என்பதால், 8-ஆம் பின்னில் உள்ள, சமிக்ஞை மாறும் கணத்தை வன்பொருளே பதிவுசெய்யும் இன்புட் கேப்சர் வசதியைப் பயன்படுத்துங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னது நுணுக்கம், அதாவது எவ்வளவு சிறிய மாற்றம் தெரியும் என்பது பற்றியது. துல்லியத்தையும், அதாவது உண்மை மதிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஊனோ ஆர்3-இன் மைக்ரோகண்ட்ரோலருக்குக் கடிகாரமாக இருப்பது செராமிக் ரெசனேட்டர் (குவார்ட்ஸ் படிகத்தைவிடத் துல்லியம் குறைந்த அதிர்வுறுப்பு). அதில் அரை சதவீதம் பிழை இருந்தாலே 50 ஹெர்ட்ஸில் 0.25 ஹெர்ட்ஸ் விலகல் வந்துவிடும். இந்திய மின்தொகுப்பின் இயக்க வரம்பான 49.90 முதல் 50.05 வரையுள்ள மொத்த அகலமே 0.15 ஹெர்ட்ஸ்தான். ஆகவே குவார்ட்ஸ் படிகம் பொருத்திய பலகையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

கேட்டவர்:
மிக்க நன்றி. பிரிட்ஜ் ரெக்டிஃபயருக்கு (மாறுமின்னோட்டத்தை ஒரே திசையில் திருப்பும் டயோடு அமைப்புக்கு) பின்னிருந்து சமிக்ஞையை எடுத்தால் என்னவாகும்?

மறுமொழி 1:
இரு அரை அலைகளும் ஒரே பக்கம் திரும்பிவிடுவதால் அலைவுக்காலம் 10 மில்லி விநாடியாகி, கருவி 100 ஹெர்ட்ஸ் காட்டும். இரு அரைகளும் சற்றே வேறுபட்டிருந்தால் அடுத்தடுத்த இடைவெளிகள் கூடியும் குறைந்தும் வரும் என்பதால், சதுர அலை எழும் விளிம்புகளில் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்து 20 மில்லி விநாடியாகவே அளவிடுங்கள்.