ஆணுறை போட்டும் அரிப்பு, எரிச்சல்: பால்வினை நோயாக இருக்குமா?

மழைத்துளி கேட்கிறார்:

எனக்கு 26 வயது. நானும் அவரும் பழக ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகின்றன. போன வாரம்தான் முதல் தடவையாக உடலுறவு கொண்டோம். ஆரம்பத்திலிருந்து முடியும்வரை ஆணுறை இருந்தது. கிழியவில்லை, நழுவவில்லை, கழற்றிய பிறகு நானே வாங்கிப் பார்த்தேன். வாய்வழி உறவு மட்டும் ஆணுறை இல்லாமல் நடந்தது, இரண்டு பக்கமும். அவருக்கு இதற்கு முன் ஒரு உறவு இருந்திருக்கிறது. பரிசோதனை எதுவும் செய்ததில்லையாம். மறைக்காமல்தான் சொன்னார்.

மூன்றாம் நாளே அரிப்பு தொடங்கிவிட்டது. வெள்ளைப்படுதல் கெட்டியாக, திரித்திரியாக இருக்கிறது. வாடை இல்லை. சிறுநீர் போகும்போது வெளிப்பக்கம் சுரீர் என்று எரிகிறது. கிருமிநாசினி கலந்த தண்ணீரில் தினமும் காலையும் மாலையும் கழுவுகிறேன், எரிச்சல் கூடத்தான் செய்கிறது. நேற்றிலிருந்து தொண்டையும் வலிக்கிறது. தேடிப் பார்த்தால் எச்ஐவியின் முதல் அறிகுறியே தொண்டை வலியும் நெறி கட்டுவதும்தான் என்று வருகிறது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவித் தடவியே கழுத்து வலி வந்துவிட்டது. தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது.

இது பால்வினை நோயா? இப்போதே ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடுமா? டாக்டரிடம் போய் எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

கடற்காற்று:

காண்டம் கிழியவில்லை என்றால் எதுவும் வராது. பயப்படாமல் இருங்கள். எரிச்சலுக்கு மருந்துக்கடையில் கேட்டு அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் போடுங்கள், எனக்கு அதில்தான் சரியானது.

வெண்பனி:

தங்கச்சி, பால்வினை நோய்ப் பிரிவில் பல வருடம் செவிலியராக வேலை பார்த்திருக்கிறேன். உன்னை மாதிரி பயந்துபோய் வந்து உட்கார்ந்த பெண்களிடம் நிறையப் பேசியிருக்கிறேன். நிதானமாகப் படி.

முதலில், மேலே சொன்ன ஆன்டிபயாடிக் வேண்டாம். தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் பெண்களுக்கு இது பூஞ்சைத் தொற்றாக இருந்தால் ஆன்டிபயாடிக் அதை இன்னும் வளர்த்துவிடும். பூஞ்சையை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாக்களை அந்த மாத்திரை அழித்துவிடுகிறது. உண்மையிலேயே கொனோரியா போல ஒரு பால்வினை நோய் இருந்தாலும் அரைகுறை மருந்தில் அறிகுறி மட்டும் மறையும், நோய் உள்ளே இருக்கும்.

நீ சொல்லும் அரிப்பு, வாடையில்லாத கெட்டியான வெள்ளை, வெளித்தோலில் படும் எரிச்சல், எல்லாம் கேண்டிடா என்கிற பூஞ்சைத் தொற்றைத்தான் எனக்கு நினைவூட்டுகின்றன. அது பால்வினை நோய்க் கணக்கில் சேராது. உடலுறவே இல்லாதவர்களுக்கும் வரும். நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்துபோகிற விஷயம். மீன் வாடையோடு நீர்த்த சாம்பல் நிறத்தில் வந்தால் அது பாக்டீரியா சமநிலை கெட்டுப்போனதாக இருக்கலாம். மஞ்சள் பச்சையாக, நுரையோடு வந்தால் டிரைக்கோமோனாஸ் என்கிற ஒட்டுண்ணியைச் சந்தேகிப்போம். ஆனாலும் கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது, எனக்கே முடியாது. பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. இன்னொன்று, எரிச்சல் வெளியே இல்லாமல் உள்ளே இருந்து, அடிக்கடி சிறுநீர் முட்டினால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். ஆணுறை போட்டிருந்தாலும் உடலுறவுக்குப் பிறகு அது வரலாம், அசைவில் தோலில் இருக்கும் பாக்டீரியா சிறுநீர்த் துவாரத்துக்குள் போய்விடுகிறது.

அந்தக் கிருமிநாசினிக் கழுவலை இன்றைக்கே நிறுத்து. வெறும் தண்ணீர் போதும், அதுவும் வெளிப்பக்கம் மட்டும்.

எச்ஐவிக்கு வருகிறேன், உன்னைத் தூங்கவிடாதது அதுதான். முதல் கட்ட அறிகுறிகள் வந்தால் பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் வரும். மூன்றாம் நாள் அரிப்புக்கும் எச்ஐவிக்கும் சம்பந்தமில்லை. தொண்டை வலியும் காய்ச்சலும் சாதாரண சளிக்கும் வரும், அதை வைத்து யாராலும் எச்ஐவி என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. ஆணுறை கடைசிவரை சரியாக இருந்திருந்தால் வாய்ப்பு மிக மிகக் குறைவு, வாய்வழியிலும் அப்படித்தான். ஒருவேளை எப்போதாவது கிழிந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போ, 28 நாள் தடுப்பு மாத்திரை இருக்கிறது.

ஆனால் "எதுவும் வராது" என்பதும் சரியில்லை. கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ், சிபிலிஸ், மருக்களை உண்டாக்கும் எச்பிவி எல்லாம் தோலோடு தோல் படுவதால் பரவுபவை. ஆணுறை மூடாத இடத்திலிருந்தும் வரலாம். வாய்வழியில் கொனோரியா தொண்டைக்கு வரும், பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. அவருக்கு உதட்டில் கொப்புளம் எதுவும் இருந்ததா என்று யோசித்துப் பார். இருந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லு.

டாக்டரிடம் "ஆணுறையோடு உடலுறவு, வாய்வழியில் ஆணுறை இல்லை, மூன்றாம் நாளிலிருந்து அரிப்பு" என்று அப்படியே சொல். அந்த ஒரு வரியே போதும். வாய்வழியை மட்டும் விட்டுவிடாதே, சொன்னால்தான் தொண்டையிலும் மாதிரி எடுப்பார்கள்.

தாமரைக்குளம்:

ஒரு விஷயம் சேர்க்கிறேன். எனக்கு ஒவ்வொரு தடவையும் உறவுக்குப் பிறகு அரிப்பும் சிவப்பும் வரும், நோய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் லேடெக்ஸ், அதாவது ஆணுறை ரப்பர், ஒவ்வாமை. பாலியூரித்தேன் ஆணுறைக்கு மாறியதும் நின்றுவிட்டது. ரப்பர் கையுறை, பலூன் தொட்டால் உங்களுக்கு அரிக்குமா? வாசனை சேர்த்ததும், விந்தணுக்கொல்லி தடவியதும் சிலருக்கு எரிச்சல் தரும்.

மழைத்துளி:

ரப்பர் எனக்கு ஒன்றும் செய்யாது அக்கா, கையுறை தினமும் போடுகிறேன்.

இன்று போய்விட்டு வந்தேன். வெண்பனி அக்கா சொன்ன வரியை வெளியே காத்திருக்கும்போது மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து, உள்ளே போனதும் அப்படியே சொல்லிவிட்டேன். டாக்டர் முகம் மாறவில்லை. மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் பூஞ்சைதான் என்றார். சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அப்போதுதான் நினைவு வந்தது, அதற்கு முந்தின வாரம் பல் வலிக்குச் சாப்பிட்டிருந்தேன்! தொண்டையில் சளிதான் என்றார், இருந்தாலும் நான் கேட்டதால் அங்கேயும் மாதிரி எடுத்தார்.

குளோட்ரிமசோல் என்கிற பூஞ்சை மருந்து கொடுத்திருக்கிறார். என் காதலருக்கும் மருந்து வேண்டுமா? மற்ற பரிசோதனைகளை எப்போது எடுப்பது? பதற்றத்தில் பாதி கேட்காமலே வந்துவிட்டேன்.

வெண்பனி:

நன்றாகச் செய்தாய்ம்மா, மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

அவருக்கு அரிப்போ சிவப்போ இல்லையென்றால் பூஞ்சைக்கு மருந்து தேவையில்லை. உன் கோர்ஸை, அரிப்பு நின்றாலும், முழுக்க முடி. அந்த மருந்து லேடெக்ஸைப் பலவீனமாக்கும், அதனால் போட்டு முடித்துச் சில நாட்கள் ஆகும்வரை ஆணுறையை நம்பாதே. உறவை அதுவரை தள்ளி வை. உயவுக்கு எண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம், அவையும் லேடெக்ஸைக் கெடுக்கும். தண்ணீர் சார்ந்தது பரவாயில்லை.

கிளமிடியா (இதுவும் ஒரு பால்வினை நோய்), கொனோரியாவுக்கு உறவு நடந்து இரண்டு வாரம் கழித்து எடுத்தால்தான் நம்பலாம். இன்று எடுத்தது சீக்கிரம், தொண்டையையும் அப்போது ஒரு தடவை பார்த்துவிடு. கிளமிடியா பெண்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே தராமல் இருந்து கருக்குழாயைப் பாதிக்கும், அதனால் அறிகுறி இல்லை என்று விடாதே. எச்ஐவிக்கு ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை (கிருமியின் புரதத்தையும் அதற்கு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்ப்பது), 45 நாளில். அதற்கு முன் நாலு தடவை எடுத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே. சிபிலிஸுக்கு மூன்று மாதம் முடிந்ததும். அவரையும் கூட்டிக்கொண்டு போ, இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம்.

அப்புறம், எச்பிவி தடுப்பூசி போட்டிருக்கிறாயா? 26 வயதிலும் போடலாம். ஹெபடைடிஸ் பி ஊசியும் போட்டிருக்கிறதா என்று வீட்டில் கேட்டுப் பார், இல்லையென்றால் அடுத்த தடவை போகும்போது இரண்டையும் டாக்டரிடம் கேள்.