புதுப்பிப்பு: நிதி விண்ணப்பம் எழுத ஆள் கிடைத்துவிட்டார்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை ஒட்டி நாற்று நடும் எங்கள் சின்ன அறக்கட்டளைக்கு, நிதி விண்ணப்பம் எழுத ஃப்ரீலான்சர் வைக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வைத்தாயிற்று.

முதலில் பேசியவர், "பணம் வந்தால் பத்து சதவீதம், வராவிட்டால் ஒன்றும் வேண்டாம்" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நாற்றுக்கென்று வந்த பணத்தில் கமிஷனை எந்தச் செலவுத் தலைப்பில் எழுதுவது? வெளிநாட்டு நிதி என்றால், 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவே 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விட்டுவிட்டோம்.

இரண்டாமவர் ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று பேசி வந்தார். காலநிலைத் திட்டங்களுக்குப் பணம் தரும் சர்வதேச நிதியமான பசுமைக் காலநிலை நிதியத்துக்கு நேரே எழுதும் என் கனவை அரை மணி நேரத்தில் கலைத்தார். விவசாய, கிராம வளர்ச்சி வங்கியான நபார்டு போல, அந்த நிதியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு வழியாகத்தான் போக முடியும். சரி, சின்ன நிதிகளைப் பார்ப்போம் என்றானது. அப்புறம் என் வரைவில் '2018 கஜா புயலால் பெரும் பாதிப்பு' என்ற வரியைச் சிவப்பில் வட்டமிட்டு, "எத்தனை ஏக்கர்? நட்டதில் எத்தனை உயிரோடு நிற்கிறது?" என்றார். பதில் இல்லை. இரண்டு நாள் சேற்றில் இறங்கி, வாய்க்கால் வாய்க்காலாக எண்ணினோம்.

விண்ணப்பம் வெள்ளிக்கிழமை போயிற்று. அவருக்குப் பாதிப் பணம் இன்னும் பாக்கி.