கணக்கு சாஃப்ட்வேர் போட்ட பிறகு மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம், உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்

கடைத்தெரு மருமகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மாமாவின் மளிகைக் கடை. தோட்டத்து ஆட்களின் கடன் எல்லாம் 555 நோட்டில்தான். கடன் எழுதுகிற சின்னக் கை நோட்டு, இங்கே பலருக்கும் விளக்க வேண்டியதில்லை. போன வருடம் என் வீட்டுக்காரர் சாஃப்ட்வேர் வாங்கினார். விற்ற பையன் ஈப்போவிலிருந்து வந்து, நோட்டுகளைப் பார்த்துப் பேர்களை ஏற்றி, எல்லாருக்கும் கடன் கட்டத் தவணை 30 நாள், தாண்டினால் சிவப்பு என்று போட்டுவிட்டுப் போய்விட்டான்.

எங்கள் கடைக்கு வரும் ஒரு தாத்தா முன்பு செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை வெட்டியவர், இப்போது ஜாகா வேலை, அதாவது காவல். சம்பளம் போட்ட அன்றே கடனைக் கட்டிவிடுவார், மாமாவின் காலத்திலிருந்து அப்படித்தான். மாதம் பிறந்து மூன்றாம் நாள் அவர் வந்து, "என் பாக்கி எவ்வளவும்மா?" என்று கேட்டார். நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். இங்கிலீஷ் எழுத்து அவருக்குப் படிக்க வராது. ஆனால் அவர் பேர் இருந்த வரிசை முழுக்கச் சிவப்பு. "ஏம்மா, என் கணக்கு மட்டும் சிவப்பா இருக்கு?" என்றார். பின்னால் அரிசி நிறுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் என்னவோ சொன்னேன், கம்பியூட்டர் அப்படித்தான் தாத்தா என்று.

அன்று சாயங்காலமே வந்து முழுப் பணத்தையும் மேசையில் வைத்தார். சம்பளம் போட இன்னும் நாள் இருந்தது. யாரிடம் வாங்கினாரோ தெரியாது. இப்போதும் வருகிறார், பேசுகிறார். ஆனால் கையில் இருக்கிற காசுக்கு மட்டும்தான் வாங்குகிறார். அரை கிலோ சீனி, கால் கிலோ பருப்பு. கடன் எழுதச் சொல்வதே இல்லை.

லோரிக்காரன்

மருமகளே, நீங்கள் திரையைத் திருப்பியிருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். சாஃப்ட்வேரைக் குறை சொல்லிப் பயனில்லை.

என் கதை வேறு. செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி. 2015ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அரசாங்கம் 1,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வவுச்சர் கொடுத்ததே, அதில் வாங்கிய சாஃப்ட்வேர். 2018ல் ஜி.எஸ்.டி. போனது, நானும் லேப்டாப்பை மூடி அலமாரி மேல் வைத்துவிட்டேன். பிறகு ஒருநாள் வருமான வரியிலிருந்து 2016 கணக்கைக் கேட்டார்கள். திறந்தால் லைசென்ஸ் முடிந்துவிட்டது என்கிறது. உள்ளே என் கணக்கு இருக்கிறது, என்னாலேயே பார்க்க முடியவில்லை.

சரி, ரசீதுப் பெட்டி இருக்கிறதே என்று தைரியமாகத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த அதிகாரி மலாய்க்கார அம்மா, நல்ல மாதிரி. பெட்டியிலிருந்து ஒரு டீசல் ரசீதை எடுத்தார். வெள்ளைத் தாள். இன்னொன்று எடுத்தார், அதுவும் வெள்ளை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எண்ணெய்க் கடையில் (பெட்ரோல் நிலையத்தில்) தருகிற அந்த வழவழப்புத் தாளில் எழுத்து நிற்காது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஒரு பெட்டி நிறைய வெறும் தாள். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

பழைய கிராணி

நான் தோட்டத்து ஆபீசில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவன். செக்ரோலை, அதாவது சம்பளப் பதிவேட்டை, கையால் எழுதிய காலம். கணினி வந்த முதல் மாதமே, ஒரே பேர் கொண்ட இரண்டு அம்மாக்களின் சம்பளம் மாறி அச்சாகிவிட்டது. தினமும் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வந்தவருக்குப் பாதிச் சம்பளம். சம்பள மேசையில் அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அது கிடக்கட்டும்.

லோரிக்காரர் சொல்வது தவறு. திரையைத் திருப்பாவிட்டாலும் அந்தச் சிவப்பு தப்புச் சிவப்புதான். 30 நாள் தவணை கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவே ஓடுகிற கணக்கு. நம் ஊரில் கடன் ஓடுவது சம்பளத்தை வைத்து. 1955ஆம் வருட வேலைச் சட்டப்படி, மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும். பல முதலாளிகள் அந்த 7ஆம் தேதியைத்தான் பிடித்துக்கொள்வார்கள். மார்ச் 1ஆம் தேதி அரிசி வாங்கியவர் ஏப்ரல் 7ஆம் தேதி கட்டினால் 37 நாள். நாணயமான மனிதர், சிஸ்டத்துக்குக் கெட்ட கடன்காரர். வாடிக்கையாளர் பக்கத்தில் தவணையை மாற்ற இடம் இருக்கும். 40 நாள் போடுங்கள். பேருக்குப் பக்கத்தில் ஒரு குறியீட்டு எண்ணும் கொடுங்கள். ஒரே பேரில் நாலு பேர் இருக்கிற ஊர் இது.

இன்னொன்று. கடையிலிருந்து வீட்டுக்கு எடுக்கிற அரிசி, எண்ணெய், சவர்க்காரம் எல்லாம் எழுதுகிறீர்களா? எழுத மாட்டீர்கள், எனக்குத் தெரியும். சொந்த உபயோகத்துக்கு எடுத்த சரக்கையும் சந்தை விலையில் வருமானத்தோடு சேர்க்க வேண்டும். அதற்கு முதலாளி எடுப்பு என்று தனிக் கணக்கு வையுங்கள். வராத கடனை வரியில் கழிக்கலாம். ஆனால் "மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வராது" என்று குத்துமதிப்பாகப் போட்டால் செல்லாது. யாருடைய கடன், எவ்வளவு, வசூலிக்க என்ன முயற்சி எடுத்தீர்கள் என்று காட்ட வேண்டும். வருட விற்பனை 150,000 வெள்ளியைத் தாண்டினால் வரிசை எண் அச்சிட்ட ரசீது கொடுக்க வேண்டும். எல்லாக் கணக்கையும் 7 வருடம் வைத்திருக்க வேண்டும். லோரிக்காரர் மாதிரி ஆட்கள் ரசீது வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளலாம். சாஃப்ட்வேரை நிறுத்துவதற்கு முன்னால் பேரேடு, வங்கிக் கணக்கு, கடன் பட்டியல் எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக இறக்கி வைத்தால் லைசென்ஸ் போனாலும் கவலையில்லை. வங்கிக் கணக்கை உங்கள் கணக்கோடு மாதம் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். கடைக்கும் வீட்டுக்கும் ஒரே வங்கிக் கணக்கு என்றால் ஒத்துப் பார்ப்பதே வீண்.

பூக்கடை அக்கா

கிராணி ஐயா, உங்களிடம் யாராவது கேட்டார்களா? மருமகள் மனக்கஷ்டத்தைச் சொன்னால் நீங்கள் சட்டத்தைச் சொல்கிறீர்கள். ஒரே கணக்கு என்று குத்தியது எனக்குத்தான் படுகிறது, எனவே என் கதையையும் கேளுங்கள்.

கோயில் பக்கம் பூ கட்டுகிறேன். கியூ.ஆர். ஒட்டிய பிறகு மாலைக் காசு, மல்லிகைக் காசு எல்லாம் என் சேமிப்புக் கணக்குக்கே வருகிறது. மகள் இரவில் அதைப் பார்த்து சாஃப்ட்வேரில் ஏற்றுவாள். ஒரு ஆகஸ்ட் மாதம் எனக்குக் கூட்டு (சீட்டு) விழுந்தது, 5,000 வெள்ளி. கூட்டுப் பிடிக்கிற அக்கா அதே கணக்கில் போட்டுவிட்டார். மகள் அதை விற்பனை என்று எழுதிவிட்டாள். அவளுக்கு என்ன தெரியும்?

வரிக் கணக்கு எழுதுகிறவர் பார்த்துவிட்டுக் கேட்டார், "தீபாவளியும் இல்லை, தைப்பூசமும் இல்லை, ஆகஸ்டில் ஒரே ஆள் 5,000 வெள்ளிக்குப் பூ வாங்கினாரா? யாருக்கு மாலை?" கூட்டுப் பணம் என்று வாய் வரைக்கும் வந்தது. 1971லிருந்து கூட்டு நடத்தத் தடை என்று அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எனக்கே பாடம் நடத்தியவர். நான் "கல்யாண ஆர்டர்" என்றேன். "ஆடி மாசத்திலா?" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. அவரும் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார். என்ன எழுதினார் என்று இன்றுவரை கேட்கத் துணிவில்லை.

பழைய கிராணி

விற்பனையாக எழுதியிருந்தால் வாங்காத லாபத்துக்கு வரி கட்டுகிறீர்கள். மாதாமாதம் நீங்கள் போட்ட பணமே திரும்பி வந்தது. கேட்டுத் திருத்துங்கள்.

பூக்கடை அக்கா

மறுபடியும் பார்த்தீர்களா!

கடைத்தெரு மருமகள்

ஐயா, 40 நாள் போட்டுப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் கறுப்பாகிவிட்டார்கள். மீதிச் சிவப்பில் என் வீட்டுக்காரரின் சிநேகிதர்கள்தான் அதிகம். லோரி அண்ணே, பாக்கியைக் கேட்டவருக்குக் காட்டாமல் யாருக்குக் காட்டுவது? மாமா நோட்டையே கையில் கொடுத்துவிடுவார். அதில் அவரவர் பக்கம் மட்டும்தான் இருக்கும்.

சந்தை முறுக்கு

இரவுச் சந்தையில் முறுக்குச் சுடுகிறேன். எண்ணெய் காய்ந்து மாவைப் பிழிகிற நேரத்தில் ஒருவன் டை கட்டிக்கொண்டு வந்து நின்றான். "அங்கள், இ-இன்வாய்ஸ், அதான் மின்-ரசீது, போடாவிட்டால் 20,000 வெள்ளி அபராதம், ஜெயில்கூட உண்டு, இன்றே கையெழுத்துப் போட்டால் சாஃப்ட்வேர் பாதி விலை" என்றான். நான் முறுக்கைத் திருப்பிக்கொண்டே கேட்கிறேன். வரிசையில் நின்ற ஆட்களும் கேட்கிறார்கள். ஒருவர் "அப்போ எனக்கும் ரசீது வேணுமா?" என்று ஒரு பொட்டலம் முறுக்கைத் திருப்பி வைத்தார். அவன் நான் கருக்கியதையும் வாங்கவில்லை, என் வியாபாரத்தையும் கெடுத்துவிட்டுப் போனான். அவன் சொன்னது உண்மையா? 2026லிருந்து எல்லாருக்கும் கட்டாயம் என்று என் தம்பியும் சொல்கிறான்.

லோரிக்காரன்

எல்லாருக்கும்தான். எனக்கே மில்லிலிருந்து கேட்கிறார்கள்.

பழைய கிராணி

எல்லாருக்கும் இல்லை. அபராதம் 200 வெள்ளியிலிருந்து 20,000 வரை என்று சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் யாருக்கு என்பதைத்தான் அவன் சொல்லவில்லை. 2024 ஆகஸ்டில் 10 கோடி வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்கிற பெரிய கம்பெனிகளில் ஆரம்பித்துப் படிப்படியாக இறக்கினார்கள். 2026 ஜனவரி 1லிருந்து வருட வியாபாரம் 10 லட்சத்திலிருந்து 50 லட்சம் வெள்ளி வரை உள்ளவர்களுக்கு. 10 லட்சத்துக்குக் கீழே விலக்கு. இந்த விலக்கு வரம்பு முதலில் 150,000, அப்புறம் 500,000, கடைசியாகத்தான் 10 லட்சம். உங்கள் தம்பி பழைய செய்தியைப் படித்திருப்பார். முறுக்கு விற்று 10 லட்சம் வெள்ளி பார்க்கிறீர்களா?

சந்தை முறுக்கு

பார்த்தால் நான் ஏன் ஐயா இந்தப் புகையில் நிற்கிறேன்?

லோரிக்காரன்

சரி, அப்போ மில்லுக்கு நான் என்ன பதில் சொல்வது? எனக்கு இரண்டு லோரிதான். 10 லட்சம் எங்கே வரப்போகிறது?

பழைய கிராணி

அதையே எழுதிக் கொடுங்கள். உங்கள் பேர், வரி எண், வியாபாரப் பதிவு எண் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். மீதி அவர்கள் பாடு. படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டீர்களா, ரசீதை?

லோரிக்காரன்

மகன் பிடிக்கிறான். அவன் கைப்பேசியில் இப்போது இடம் இல்லையாம்.