கேட்புக் கருவி அணியும் முதியவருக்குக் காது அழுக்கு அடைப்பு: நீர் பீய்ச்சி எடுப்பதா, உறிஞ்சி எடுப்பதா?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 72 வயதான என் தந்தையார் இரு காதுகளிலும் கேட்புக் கருவி அணிந்து வருகிறார். சில வாரங்களாக வலது காதிலுள்ள கருவி ஓயாமல் விசிலடிக்கிறது. ஒலியைக் கூட்டி வைத்தாலும் பேச்சு தெளிவாக விழவில்லை என்கிறார். எங்கள் குடும்ப மருத்துவர் டார்ச் ஒளியில் பார்த்துவிட்டு, அழுக்கு கெட்டிப்பட்டு அடைத்திருக்கிறது என்றும், சொட்டு மருந்து விட்டு ஊறவைத்தபின் சிரிஞ்சால் நீர் பீய்ச்சி எடுத்துவிடலாம் என்றும் கூறினார். உறவினர் ஒருவரோ, மைக்ரோசக்‌ஷன் எனப்படும் உறிஞ்சி எடுக்கும் முறைதான் நல்லது என்று வற்புறுத்துகிறார்.

தந்தையாருக்கு நெடுங்காலமாக நீரிழிவு உண்டு. இதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். இளவயதில் வலது காதில் சீழ் வடிந்து நெடுநாள் வைத்தியம் பார்த்ததாகச் சொல்வார். அதன்பின் அந்தக் காதில் தொல்லை எதுவும் இருந்ததில்லை. அம்மா, பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை விட்டாலே போதும் என்கிறார். அனுபவமும் விவரமும் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

செவிச்சோதனை

வணக்கம் ஐயா. நான் கேட்புத்திறன் சோதனைத் துறையில் பணியாற்றுகிறேன். கருவி விசிலடிப்பதற்கு அழுக்கு அடைப்பு மிகச் சாதாரணமான காரணம். கருவியிலிருந்து புறப்படும் ஒலி செவிப்பறையை அடைய வழியில்லாமல், அழுக்கில் மோதித் திரும்பி வெளியே கசிந்து மறுபடியும் மைக்கிற்குள் நுழைவதால்தான் அந்தச் சத்தம் எழுகிறது. ஒலியைக் கூட்டக் கூட்டக் கசிவும் கூடும் என்பதால், அடைப்பு நீங்கும்வரை ஒலியைக் கூட்ட வேண்டாம்.

காது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. செவிக்குழாயின் தோல் உள்ளிருந்து வெளிப்புறமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது; மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவதும் அழுக்கை வெளியே தள்ள உதவுகிறது. கருவியின் அச்சு, அதாவது காதுக்குள் பொருந்தும் பகுதி, நாள் முழுவதும் வாசலை அடைத்துக்கொண்டிருந்தால் இந்த ஓட்டம் தடைபடும். ஆகவே, தந்தையார் காதைச் சரியாகப் பேணவில்லை என்று யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. கருவி அணியும் பெரும்பாலோருக்கு நேர்வதுதான் இது.

தாமிரபரணி

வணக்கம் தம்பி. காது மூக்கு தொண்டைப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்றுதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. இளவயதில் சீழ் வடிந்த காது என்றால், செவிப்பறையில் அன்று விழுந்த ஓட்டை இன்றும் மூடாமல் இருக்கக்கூடும். தொல்லை இல்லை என்பதனால் ஓட்டை இல்லை என்று ஆகிவிடாது. அழுக்கு மறைத்துக்கொண்டிருப்பதால் டார்ச் வெளிச்சத்தில் அது தெரியவும் தெரியாது. அத்தகைய காதில் நீரைப் பீய்ச்சினால், நீரும் அழுக்கும் நடுச்செவிக்குள் போய், அடங்கிக் கிடந்த சீழ் மறுபடியும் கிளம்பும். தலைச்சுற்றலும் வலியும் உடனே வரும். எனவே வலது காதில் நீர் வேண்டாம். செவிப்பறை முழுதாக இருக்கிறது என்று காது மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொல்லும்வரை சொட்டு மருந்தையும் நீங்களாக விட வேண்டாம். நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கும் அழுக்குக் கரைப்பான்கள் சிலவற்றில் பாராடைகுளோரோபென்சீனும் டர்பன்டைன் எண்ணெயும் கலந்திருக்கும். ஓட்டையுள்ள காதுக்கு அவை ஆகா.

நீர் முறை கெட்டது என்று நான் சொல்லவில்லை. செவிப்பறை நன்றாக இருந்து, முன்பு அறுவை சிகிச்சையோ தற்போது கிருமித் தொற்றோ இல்லாதவருக்கு அது நல்ல முறையே. செய்யும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நீர் உடற்சூட்டில், அதாவது 37 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். கொஞ்சம் குளிர்ந்தோ சூடாகவோ இருந்தால் உட்செவியின் சமநிலை உறுப்பு கலங்கி, நோயாளிக்கு அறையே சுழலும். தலைச்சுற்றல் நோயாளிகளைச் சோதிக்க 30 பாகையிலும் 44 பாகையிலும் வேண்டுமென்றே நீர் விடுவது இதனால்தான். காது மடலைப் பின்னும் மேலுமாக இழுத்து வளைந்த குழாயை நேராக்கிக்கொண்டு, நீரைச் செவிப்பறை மீது நேரே அடிக்காமல் குழாயின் மேற்பின் சுவரை நோக்கிச் செலுத்த வேண்டும். நீர் அழுக்கின் பின்னால் புகுந்து, திரும்பும்போது அதைத் தள்ளிக்கொண்டு வரும். காதுக்குக் கீழே பிடித்திருக்கும் கிட்னி ட்ரேயில் கறுத்த கட்டியொன்று விழும் அந்த நொடியில், உட்கார்ந்திருப்பவரின் முகம் மலர்வதை எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன். ஆயினும் கையால் அழுத்தும் உலோகச் சிரிஞ்சில் அழுத்தம் எவ்வளவு என்று கணக்கிட முடியாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதைப் பெரியவர்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றே கூறிவிட்டது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி, உறிஞ்சும் முறை, தக்க கருவிகளால் கையால் எடுக்கும் முறை ஆகியவற்றையே அது ஏற்கிறது.

உங்கள் தந்தையார் போன்றவருக்கு, நுண்ணோக்கி வழியாகப் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பதுதான் தகுந்தது என்பது என் கருத்து. காது ஈரமாவதில்லை என்பது நீரிழிவு உள்ளவருக்குப் பெரிய பாதுகாப்பு. செவிக்குழாயில் சிறு கீறலும் ஈரமும் சேர்ந்தால், முதிய நீரிழிவு நோயாளிகளுக்குத் தொற்று எலும்புவரை பரவும் ஆபத்து உண்டு. இரத்தம் உறையாமைக்கான மாத்திரை பற்றியும் அழுக்கை எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் அக்கறையில் குறை இல்லை. ஆனால் பூண்டெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். சூடு தவறினால் சுட்டுவிடும். எண்ணெயும் வியர்வையும் தங்கிய காதில் பூஞ்சை எளிதில் படரும்.

வைகைக்கரை

மிக்க நன்றி அம்மா. சீழ் வடிந்தது பழைய கதை என்று எண்ணி அதைக் குடும்ப மருத்துவரிடம் நாங்கள் தெரிவிக்கவில்லை, நாளையே தெரிவிக்கிறேன். உறிஞ்சும்போது வலிக்குமா என்று தந்தையார் கேட்கிறார். காதில் மெழுகுவத்தி வைத்து அழுக்கை இழுக்கும் முறையைப் பற்றியும் ஒருவர் கூறினார்.

நெய்தல்நிலம்

மெழுகுவத்தி முறையை அடியோடு மறந்துவிடுங்கள். அது அழுக்கை இழுப்பதில்லை. தீக்காயமும், உருகிய மெழுகு உள்ளே விழுந்து புது அடைப்பும்தான் மிஞ்சும். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010-லேயே இதைக் குறித்து எச்சரித்திருக்கிறது.

உறிஞ்சும் முறையில் எனக்கும் அழுக்கு எடுத்திருக்கிறார்கள். வலியைவிடச் சத்தம்தான் திடுக்கிட வைக்கும். குழாய் அழுக்கைத் தொட்டதும் காதுக்குள்ளேயே புயல் வீசுவது போல் ‘சர்ர்’ என்று இரைச்சல் எழும். முன்கூட்டியே சொல்லி வைத்தால் பெரியவர் பதற மாட்டார். இடையில் இருமல் வரலாம், ஏனெனில் செவிக்குழாயில் தொண்டையோடு தொடர்புடைய நரம்புக் கிளை ஒன்று இருக்கிறது. உறிஞ்சும் காற்றின் குளிர்ச்சியால் இலேசாகத் தலை சுற்றவும் கூடும். கையை உயர்த்தினால் நிறுத்திவிடுவதாக மருத்துவர் எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தார். அந்த ஏற்பாடு பெரிய தைரியத்தைக் கொடுத்தது. முடிந்ததும் உடனே எழ விடாமல் சற்று நேரம் உட்கார வையுங்கள்.

தாமிரபரணி

அவர் சொன்னது சரியே. அழுக்கு தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் வலி எடுக்கும். அப்போது நல்ல மருத்துவர் வலிந்து பிய்க்காமல், தகுந்த சொட்டு மருந்து தந்து சில நாள் கழித்து வரச் சொல்வார். ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும் என்று நீங்களும் அவசரப்படுத்தாதீர்கள். செலவு பற்றிய கவலை இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டை வெளிநோயாளர் பிரிவுக்குக் காலையிலேயே சென்றுவிடுங்கள். எடுத்த பிறகு காதில் அரிப்பு இருந்தாலும் பட்ஸ், ஹேர்பின், ஊக்கு எதுவும் உள்ளே போகக் கூடாது. இரவில் தூங்க விடாத வலியோ, சீழோ, முகம் ஒரு பக்கம் கோணுவதோ தென்பட்டால், ஒரு நாளும் தாமதிக்காமல் அதே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செவிச்சோதனை

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கருவியையும் பழைய ஆடியோகிராம் எனப்படும் கேட்புச் சோதனை வரைபடத் தாளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். ஒலி வரும் முனையிலுள்ள அழுக்குத் தடுப்பு வடிகட்டியும் பெரும்பாலும் அடைத்திருக்கும். காதைச் சுத்தம் செய்துவிட்டு அதை மாற்றாமல் விட்டால் குறை நீடிக்கும். அடைப்பு நீங்கிய பின்பு புதிதாகக் கேட்புச் சோதனை செய்து, பழையதோடு ஒப்பிட்ட பிறகே கருவியின் ஒலி அளவைத் திருத்தச் சொல்லுங்கள். அடைப்போடு செய்த சோதனையை வைத்து யாராவது புதுக் கருவி வாங்கச் சொன்னால் இணங்க வேண்டாம்.