கார் ஷெட்டின் சிமென்ட் தரையில் இருக்கும் பழைய பெயிண்டை எடுப்பது எப்படி?

வடக்குவாசல் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அண்மையில் வாங்கிய பழைய வீட்டின் கார் ஷெட்டில், முன்பு இருந்தவர்கள் சிமென்ட் தரை முழுவதற்கும் பச்சை பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். முன்சக்கரங்கள் நிற்கும் இடங்களில் டயரின் அளவுக்கே அது உரிந்து போயிருக்கிறது. சுவரோரங்களில் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கி நிற்கிறது. நடுவிலோ சுரண்டினாலும் அசையவில்லை. மழை நாளில் ஈரக்காலோடு நடந்தால் வழுக்குகிறது. அம்மாவுக்கு வயதாகிவிட்டதால் எனக்கு அதுதான் பெரிய கவலை. மறுபடியும் பெயிண்ட் அடிக்கும் எண்ணம் இல்லை, பழைய சாம்பல் நிறத் தரையே போதும். ஒரு பெயிண்டர் ஆசிட் ஊற்றிக் கழுவினால் போய்விடும் என்கிறார். இன்னொருவர் கிரைண்டர் வைத்துத் தேய்த்துவிடலாம் என்கிறார். ஷெட்டுக்கு மூன்று பக்கமும் சுவர், முன்பக்கம் ஷட்டர். எந்த வழியில் போவது நல்லது?

சாந்துக்கரண்டி:

ஆசிட் வேண்டவே வேண்டாம். கழிவறை கழுவும் அந்த ஆசிட் சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்பைத்தான் தின்னுமே தவிர, பெயிண்டின் பசையை ஒன்றும் செய்யாது. பெயிண்ட் உரிந்து தரை வெளியே தெரியும் இடத்தில் பள்ளம் விழும், பெயிண்ட் இருக்கும் இடம் அப்படியே இருக்கும். மூடிய ஷெட்டில் அதன் புகை பட்டு ஷட்டரும் துருப்பிடிக்கும். போதாக்குறைக்கு, முன்பு யாராவது பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய மிச்சம் தரையில் இருந்து அதன்மேல் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

முதலில் அது என்ன பெயிண்ட் என்று தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் சர்ஜிகல் ஸ்பிரிட்டை நனைத்து ஓரிடத்தில் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் பச்சை ஏறினால் அது எமல்ஷன். ஏறாவிட்டால், தின்னர் நனைத்த பஞ்சை அதே இடத்தில் வைத்து, ஆவியாகாதபடி ஒரு மூடியால் மூடிச் சற்று நேரம் விடுங்கள். சுருங்கி இளகினால் எனாமல். அப்போதும் கல் மாதிரி இருந்தால் எப்பாக்ஸியாக (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் கெட்டியான பூச்சு) இருக்கலாம். எப்பாக்ஸி என்றால் பெயிண்டை இளக்கும் சாதாரண ரிமூவருக்குச் செலவழிக்காமல் நேரே கிரைண்டருக்குப் போய்விடலாம்.

எதுவானாலும், தானாகத் தூக்கி நிற்கும் பகுதியை முதலில் பட்டி பிளேடால் எடுத்துவிடுங்கள். காசில்லாமல் போகக்கூடியதை எடுத்த பிறகுதான் ரசாயனம். ஆனால் 2017 நவம்பரில்தான் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. பழைய வீடு என்கிறீர்கள், அந்தப் பெயிண்டில் ஈயம் அதிகம் இருக்கலாம், அதன் தூசி உடம்புக்குள் போகக் கூடாது. எனவே தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வடக்குவாசல்:

மிக்க நன்றி ஐயா. ஸ்பிரிட்டுக்குத் துணியில் நிறம் ஏறவில்லை; தின்னர் வைத்த இடம் சுருங்கிவிட்டது, ஆகவே எனாமல் என்றுதான் தோன்றுகிறது. பெயிண்ட் உரிந்த இடத்தில் தரை கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கிறது, மணல் தெரியவில்லை.

தட்டச்சுக்காரி:

எனாமல் என்றால் பெயிண்ட் ரிமூவருக்குக் கேட்கும். ஹார்டுவேர் கடையில் தண்ணீர் போல ஓடுவதை வாங்காமல், கூழ் மாதிரி கெட்டியாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பட்டையாகப் பூசி, மேலே பாலித்தீன் தாளை ஒட்டிப் பரப்பி வையுங்கள். கொப்புளித்து எழும்பியதும் சுரண்டி எடுங்கள். ஒரே தடவையில் முழுத் தரைக்கும் பூசாமல், கைக்கு எட்டும் சதுரமாகப் பிரித்துக்கொண்டு செய்வது நல்லது.

டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். நம் ஊர் வெயிலில் பூசிய வேகத்தில் பறந்துவிடும், வேலையும் நடக்காது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், மூன்று பக்கம் சுவர் உள்ள இடத்தில் தரையோடு தேங்கி நிற்கும். குனிந்து வேலை செய்பவரின் மூக்கும் அங்கேதான் இருக்கும். உடலுக்குள் போனால் அது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. பெயிண்ட் எடுப்பதற்காக அதைப் பொதுமக்களுக்கு விற்பதையே அமெரிக்காவில் 2019ஆம் ஆண்டு தடை செய்தார்கள். தூசிக்குப் போடும் முகக்கவசம் இதைத் தடுக்காது, மெல்லிய ரப்பர் கையுறையும் தாங்காது. முடிந்தவரை அது இல்லாத ரிமூவரை வாங்குங்கள். அது மெதுவாகத்தான் வேலை செய்யும், இரவு முழுக்க விடவேண்டியிருக்கலாம், பரவாயில்லை. எதுவானாலும் காலை வேளையில், ஷட்டரை முழுதாகத் திறந்து, மின்விசிறியின் காற்று வெளியே போகும்படி வைத்துச் செய்யுங்கள். கேஸ் அடுப்போ பீடியோ பக்கத்தில் வேண்டாம்.

மேல் பெயிண்ட் போன பிறகும் நுண்துளைகளுக்குள் பச்சைச் சாயல் நிற்கும். அதற்கு ரிமூவரோடு சாக் பவுடரைக் குழைத்து, சப்பாத்தி மாவு பதத்தில் அப்பி, பாலித்தீனால் மூடி ஊறவிட்டு, பிறகு திறந்து காயவிடுங்கள். காயும்போது உள்ளே இளகிய நிறத்தைப் பவுடர் மேலே இழுத்துக்கொள்ளும். நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டிவிடலாம். சுரண்டிய கழிவைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள், எரிக்கவும் கூடாது.

மட்டப்பலகை:

கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று சொன்னீர்களே, அது சிமென்ட் பால் ஊற்றித் தேய்த்த தரை. கிரைண்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. அந்த வழவழப்பான தோல் மிக மெல்லியது. கிரைண்டரில் மாட்டும் டைமண்ட் கப் வீலை (தேய்க்கும் சக்கரத்தை) வைத்த உடனே பெயிண்டோடு அதுவும் போய், கீழே மணல் தெரியும் சொரசொரப்பு வந்துவிடும். அனுபவமில்லாத கை என்றால் வட்ட வட்டமாகப் பள்ளமும் விழும், அதை எதைக் கொண்டும் மறைக்க முடியாது. அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு. வேக்குவம் இணைத்த மூடியுள்ள கிரைண்டர் இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். தண்ணீர் ஊற்றித் தேய்க்கிறேன் என்று சாதாரண கிரைண்டரோடு வருபவரையும் விடாதீர்கள், மின்சாரம் தாக்கும்.

ஆனாலும் உங்கள் விஷயத்தில் கிரைண்டரை முழுதாக ஒதுக்க மாட்டேன். பெயிண்ட் முழுதும் போனாலும் அந்தச் சிமென்ட் பால் தரை ஈரத்தில் வழுக்கத்தான் செய்யும். ஆகவே அம்மா நடந்து வரும் பாதையை மட்டும், வாசலிலிருந்து வீட்டுக் கதவு வரை ஓரளவு அகலத்தில், நேர்கோட்டு ஓரத்தோடு லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கச் சொல்லுங்கள். மற்ற இடத்துக்கு மேலே அம்மணி சொன்ன ரிமூவர் முறை போதும்.

சாந்துக்கரண்டி:

மட்டப்பலகை சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சுவரோரம் கொப்புளித்திருப்பதைப் பார்த்தால் கீழிருந்து ஈரம் ஏறுகிறது போலிருக்கிறது. ஈரத்தோடு சேர்ந்த சிமென்ட்டின் காரம் எனாமலில் உள்ள எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும், அதனால்தான் அங்கே பிடிப்பு போயிருக்கிறது. பெயிண்ட் எடுத்த பின், ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் நீர் கோத்தாலோ தரை கருத்திருந்தாலோ, யார் வந்து என்ன பூச்சு அடிக்கச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். வெளிச்சுவரை ஒட்டி மழைத்தண்ணீர் தேங்குகிறதா என்று பார்த்து, அதை முதலில் வடியவிடுங்கள்.