ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ டெஸ்ட்: எடுத்தவர்கள் சொல்லுங்கள்

கெடிலக்கரை:
கர்ப்பத்தில் டவுன் சிண்ட்ரோம் போன்ற கோளாறுக்குப் பார்க்கும் டபுள் மார்க்கர் ரத்த டெஸ்டில் ஹை ரிஸ்க் என்று வந்ததால், பதின்மூன்றாவது வாரம் என்ஐபிடிக்கு (அம்மா ரத்தத்தில் மிதக்கும் குழந்தையின் டிஎன்ஏவைப் பார்க்கும் டெஸ்ட்) ரத்தம் கொடுத்தேன். பத்து நாள் கழித்து "ரிசல்ட் இல்லை" என்றார்கள். ஃபீட்டல் ஃபிராக்‌ஷன் (ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவில் குழந்தையின் பங்கு) 2.8 சதவீதம்தானாம், 4 ஆவது வேண்டுமாம். "எடை கூட இருந்தா இப்படி வரும், திரும்ப எடுக்கலாம்" என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். வினை வீட்டில்தான். மஞ்சக்குப்பத்தில் வாங்கி வந்த முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே மாமியார் கேட்டார்: "புள்ளையோடது உன் ரத்தத்துல கம்மியா இருக்குன்னா, நீ சரியா சாப்பிடலன்னுதானே அர்த்தம்?" அடுத்த தடவை 5.1, லோ ரிஸ்க். பையனுக்கு இப்போது எட்டு மாதம். கீரை உருவும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

கோரிமேடு தம்பி:
எனக்கு இருப்பது அக்கா கொடுத்த கிட்னி, நாலு வருஷமாகிறது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.9க்கு ஏறியதும், பயாப்ஸிக்கு (கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்ப்பது) முன்னால் ரத்தத்தில் டோனர் டிஎன்ஏ எத்தனை சதவீதம் என்று பார்த்தார்கள். 1.6. அக்காவுக்கு போன் போட்டேன். "எவ்ளோடா இருக்கேன் உனக்குள்ள?" என்றாள். சொன்னேன். "போன தடவை 0.3 தானே, ஏறியிருக்கு, நல்லதுதானே!" 1-ஐத் தாண்டினாலே சந்தேகம், கிட்னி செல்கள் அடிபட்டுச் சாகச் சாகத்தான் அது ரத்தத்தில் கொட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாக்கா" என்றேன். பயாப்ஸியில், உடம்பு அந்தக் கிட்னியை எதிர்க்கும் ரிஜெக்‌ஷன். மூன்று நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றினார்கள், இப்போது பரவாயில்லை. அவளுக்கு இன்னும் தெரியாது.

நெல்லித்தோப்பு லேப்காரன்:
முதலில் எழுதிய அக்காவுக்கு: எடை என்று சொன்னதை அப்படியே நம்பாதீர்கள். எந்த டியூபில் எடுத்தார்கள்? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊதா மூடி ஈடிடிஏ டியூபில் எடுத்து ராத்திரி பஸ்ஸில் சென்னைக்கு அனுப்பி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் கதை அவ்வளவுதான். விஷயம் என்னவென்றால், சாதா டியூபில் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை (ரத்தத்தில் அணுக்கள் போக மிஞ்சும் நீர்ப்பகுதி) பிரிக்காவிட்டால் வெள்ளையணுக்கள் உடைந்து அம்மாவின் டிஎன்ஏ வெள்ளமாகக் கலந்துவிடும், குழந்தையின் பங்கு சுருங்கிவிடும். செல் உடையாமல் காக்க தனி டியூப் இருக்கிறது. அதை ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது. எடுத்ததும் எட்டு பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தணும், குலுக்கக்கூடாது. அப்புறம், இது ஸ்க்ரீனிங் மட்டும்தான். இதிலும் ஹை ரிஸ்க் வந்திருந்தால் பனிக்குட நீர் எடுத்து உறுதி செய்திருக்கணும். 1997-இல் ஆராய்ச்சியாளர் டென்னிஸ் லோவின் குழு தாயின் பிளாஸ்மாவில் கண்டுபிடித்த இந்த டிஎன்ஏ பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து உதிர்வது. உங்கள் சாப்பாட்டுத் தட்டை வைத்து அதை அளக்க முடியாது, மாமியாரிடம் சொல்லுங்கள்.
தம்பி, அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

கோரிமேடு தம்பி:
நான் யோசனை கேட்கவே இல்லையே அண்ணே.

கெடிலக்கரை:
அப்போது என் எடை 94. டியூப் மேல் பழி வேண்டாம், சரியான டியூப்தான், பெட்டியில் போட்டிருந்தது. நஞ்சுக்கொடி விஷயத்தை இன்று மாமியாரிடம் சொன்னேன். "அதுவும் உன் வயித்துலதானே இருந்துச்சு" என்றார்.